தொண்ணூற்று நான்காவது கத்தை

இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது நடுவில் நின்று இருவருக்கும் இடைஞ்சல் செய்வது என் தொழில். சிங்கப்பூரில் இதற்கு மொழிபெயர்ப்பாளர் என்று மரியாதையான பெயர் இருக்கிறது. நீதிமன்றம், மருத்துவமனை, வேலையிட விபத்து விசாரணை என்று பல வருடம் நின்றாயிற்று. பூச்சிகளின் கல்யாண விஷயத்துக்காகவும் ஒரு நாள் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கூப்பிட்டவர் டாக்டர் லிம். நெல்லைத் துளைக்கும் குருத்துப்பூச்சியோடு ஆறு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பெண் விஞ்ஞானி. என் தோள் உயரம்தான் இருப்பார். நடக்க ஆரம்பித்தால் நான்தான் பின்னால் ஓட வேண்டும். "தஞ்சாவூரில் ஒன்பது நாள் வேலை. உங்களுக்குத் தமிழ் நன்றாக வருமா?" என்று கேட்டார். "என் தாய்மொழி" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். தஞ்சாவூரில் ஆட்டோவில் ஏறி, லாட்ஜ் பெயரைச் சொல்லி, "அங்கே எங்களை இறக்கிவிட இயலுமா?" என்றேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "சார் ரேடியோவுல இருக்கீங்களா?" என்றார். நிமிர்ந்த நெஞ்சு அந்த இடத்திலேயே பழைய நிலைக்குத் திரும்பியது.

முதல் நாள் மதியம் மெஸ்ஸில் இலையைப் போட்டதும் மீன் குழம்பு கேட்டேன். பரிமாறியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் எனக்காக வருத்தப்பட்டு, "புரட்டாசி சனிக்கிழமைங்க" என்றார், துக்க வீட்டில் சத்தமாகச் சிரித்தவனிடம் சொல்வது போல. டாக்டர் லிம் எதுவும் அறியாமல் வத்தக்குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "உங்கள் ஊர்ச் சாப்பாடு பிரமாதம்" என்று என்னைப் பாராட்டினார். என் ஊர் சிங்கப்பூரில் இருக்கும் ஈசூன் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை.

மறுநாள் வலங்கைமான் பக்கம் இருந்த ஆராய்ச்சிப் பண்ணைக்குப் போனோம். வழியெல்லாம் ஒரு பக்கம் குறுவை அறுத்த வயல், மறுபக்கம் சம்பா நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய வயல். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெரிய வெள்ளை வலைக்குடில் நின்றால் எப்படி இருக்கும்? வயலில் யாரோ கொசுவலை கட்டித் தூங்குவது போல இருந்தது.

அந்த வலைக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். குருத்துப்பூச்சி ஒரு சின்ன அந்துப்பூச்சி. தாய்ப்பூச்சி நாற்றின் இலை நுனியில் முட்டைகளைக் குவியலாக இட்டு, மேலே பழுப்பு மயிரால் போர்த்திவிட்டுப் போகும். பொரிக்கும் புழு தண்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு வெளியே எவ்வளவு மருந்தடித்தாலும், ஓட்டு வீட்டுக்குள் இருப்பவனுக்கு மழை பெய்கிற மாதிரிதான். கதிர் விடும் நேரத்தில் கதிர் வெள்ளையாக, உள்ளே மணியில்லாமல் விறைத்து நிற்கும்.

டாக்டர் லிம் மருந்தில்லாத வழி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஆண் பூச்சியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம். அந்த ஆணோடு சேர்ந்த பெண் வழக்கம் போல முட்டையிடும். பிறக்கும் பெண் புழுக்கள் மட்டும் வளராமல் செத்துவிடும். ஆண்கள் பிழைத்து, அதே மாற்றத்தைச் சுமந்துகொண்டு அடுத்த சுற்றுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும். பெண்கள் குறையக் குறையப் பூச்சியே குறையும். அடையாளத்துக்கு இன்னொரு ஏற்பாடும் உண்டு. விசேஷ விளக்கில் பார்த்தால் இந்த அப்பாவின் பிள்ளைகள் சிவப்பாக ஒளிரும்.

இதைத் திறந்த வயலில் விட அனுமதி இல்லை. வலைக்குள், ஒரே ஒரு பருவம், பரீட்சை செய்து பார்க்கலாம். ஒரு முட்டை வலையைத் தாண்டிப் போனாலும் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டு மூட்டை கட்ட வேண்டும். வலைக்குள் ஒரு ஓரம் நாற்றங்கால், மீதி சேறு. நாங்கள் வருவதற்குச் சில நாள் முன்பே சாதாரணப் பூச்சிகளையும் மாற்றிய ஆண்களையும் உள்ளே விட்டிருந்தார்கள். நாற்றில் முட்டைகள் வந்துவிட்டன. இனி நாற்றைப் பறித்து நட வேண்டும். முட்டை பொரித்ததும் சிவப்பு எத்தனை என்று எண்ண வேண்டும். சிவப்பு அதிகமென்றால், உள்ளூர்ப் பெண்கள் ஆய்வக மாப்பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார்கள் என்று பொருள். ஆறு வருட உழைப்பு அந்த இலை நுனிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நடவுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறு பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, அதன் மேல் ஒரு துண்டு. டாக்டர் லிம் கொடுத்த பதினோரு பக்க விதிமுறையை நான் தமிழாக்கி, மாமரத்தடியில் நின்று, முடிந்தவரை ஆட்டோக்காரர் கேலி செய்யாத தமிழில் வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வரியை டாக்டர் லிம் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நடவை வழக்கம் போலவே செய்ய வேண்டும், எதையும் மாற்றக் கூடாது. நிஜ வயலில் நடப்பதுதான் வலைக்குள்ளும் நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

"எப்பவும் நடுற மாதிரியே நடுங்க" என்றேன்.

"வேற எப்படி நடுவோம், தலைகீழாவா?" என்றாள் செல்வி. அந்தக் கூட்டத்தில் இளையவள் அவள்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கியம் சிரிக்கவில்லை. பெண் புழு வளராது என்று நான் வாசித்த இடத்திலேயே அவர் நின்றுவிட்டார். "சார், ஒண்ணு கேக்கணும். பூச்சியிலயும் பொண்ணுதான் சாவணுமா?"

நான் அதை டாக்டர் லிம்மிடம் பதமாகக் கொண்டுசேர்த்தேன். தொழில்நுட்பத்தின் பாலினப் பரிமாணங்கள் குறித்து ஓர் ஐயம் என்ற தோரணையில், அரை நிமிடத்துக்கு. டாக்டர் லிம் என்னையே பார்த்தார். "அவர் பேசியது நாலு வார்த்தை. நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்?"

மாட்டிக்கொண்டேன். நாலே வார்த்தையில் சொன்னேன்.

"எத்தனையோ அதிகாரிகள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை" என்றார் டாக்டர் லிம். பிறகு பாக்கியத்தைப் பார்த்தே பதில் சொன்னார். நான் நடுவில் இருந்தேன். "ஆண் எத்தனை இருந்தாலும் பூச்சி பெருகாது. பெண்ணை வைத்துத்தான் எண்ணிக்கை. அதனால்தான்."

பாக்கியம் துண்டை உதறித் தலையில் கட்டினார். "கணக்கு பொம்பளைகிட்டதான் இருக்குன்னு டாக்டரம்மாவுக்கும் தெரிஞ்சிருக்கு. சரி, நடலாம்."

மூன்றாம் நாள் நடவு. டாக்டர் லிம் பக்கத்து அறையில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். பண்ணை அலுவலர் மாமனாரின் கருமாதிக்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழ்வேளூர் போய்விட்டார். ஆகவே வலைக்குள் அன்று பொறுப்பான ஆள் யாரென்றால், அடியேன்தான். இரட்டைக் கதவுக்கு நடுவில் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவரையும் பிரஷ்ஷால் தட்டி, துணியில் பூச்சியோ இலையோ இல்லை என்று பார்க்க வேண்டும். என்னைத் தட்டிப் பார்க்க ஆள் போடவில்லை. திட்டத்தில் இருந்த ஒரே ஓட்டை அதுதான் என்று இப்போது தெரிகிறது.

பெண்கள் நாற்றைப் பறித்து முடிமுடியாக, கைப்பிடிக்கு ஒரு கட்டாகக் கட்டினார்கள். ஒவ்வொரு முடியையும் இடது கையில் பிடித்து, நுனியை வலது கையால் வெடுக்கென்று ஒரு திருகுத் திருகிக் கிள்ளினார்கள். சலூனில் பின்கழுத்து முடியைச் சீராக்குவது போல அழகாக இருந்தது. "இது எதுக்கு?" என்று செல்வியைக் கேட்டேன்.

"நீட்டமா இருந்தா காத்துல சாஞ்சுடும் சார்."

அது உண்மைதான். முழு உண்மையை நான் கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக, நானும் ஒரு முடி கிள்ளிப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"கொடுங்கடி சாருக்கு. சிங்கப்பூர்ல போய்ப் பீத்திக்கட்டும்" என்றார் பாக்கியம்.

சேற்றில் இறங்கினேன். முதல் அடியில் முழங்கால், இரண்டாம் அடியில் கௌரவம். "சார் நடுறாரா, நட்டு வச்சிருக்கா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். ஒரு முடியைக் கிள்ளி, செல்வியிடம் போட்டோ எடுக்கச் சொல்லி மனைவிக்கு அனுப்பினேன். கிள்ளிய நுனிகளை மற்றவர்களைப் பார்த்து நானும் ஒரு நாற்றுத் தாளால் கத்தையாகக் கட்டினேன். நன்றாக வந்திருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை டாக்டர் லிம் பூதக்கண்ணாடியோடு வலைக்குள் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"முட்டைகளைக் காணவில்லை. ஒன்றுகூட இல்லை. இலைக்கு நுனியே இல்லை."

நான் பாக்கியத்திடம் கேட்டேன். அவர் பெருமையோடு சொன்னார். "எப்படி இருக்கும்? நுனியிலதான முட்ட போடும். அதான் கிள்ளிட்டோமே. எங்க நடவுல ஒரு முட்ட வயலுக்குள்ள போகாது சார். நீங்கதான எப்பவும் நடுற மாதிரி நடுங்கன்னீங்க."

இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் லிம் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். யாரையும் திட்ட வழியில்லை. அடிக்கோடிட்டது அவர், வாசித்தது நான், சொன்னபடி செய்தது இவர்கள். பூச்சியை ஒழிக்க வந்தவருடைய பூச்சியை, ஊரில் ஏற்கெனவே ஒழித்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே காலையில் முடித்துவிட்டார்கள்.

டாக்டர் லிம்மின் முகத்தைப் பார்த்துப் பாக்கியத்துக்கு விஷயம் பிடிபட்டது. "முட்ட வேணுமா? அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஏ செல்வி, அந்த வாளிய எடுடி."

வலைக்குள்ளேயே, மூலையில், மூடி போட்ட ஒரு பெரிய வாளி. உள்ளே சின்னச் சின்னக் கத்தைகளாகக் கட்டிய இலை நுனிகள். "மத்த வயல்னா சேத்துலயே மிதிச்சுப் புதைச்சிருவோம். இங்க எதுவும் வெளிய போகக் கூடாது, உங்க பூச்சி வேற. கேட்டுட்டுப் புதைப்போம்னு வச்சேன்."

டாக்டர் லிம் எழுந்து வந்து அந்த மண்படிந்த கைகளைப் பிடித்துக்கொண்டார். நுனிகளை அப்படியே ஈரத்தோடு குழாய்களில் போட்டால் முட்டை பொரிக்கும். பரீட்சை போகவில்லை.

அத்தோடு நான் ஊருக்குத் திரும்பியிருந்தால் இந்தக் கட்டுரையில் எனக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

பாக்கியம் கத்தைகளை எண்ணிக் கொடுத்தார். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினார். "தொண்ணூத்தி மூணு. முடி தொண்ணூத்தி நாலு."

ஒரு முடிக்கு ஒரு கத்தை என்பது அவர் வைத்திருக்கும் ஏற்பாடாம். இடுப்பு வலியில் யாராவது கிள்ளாமலேயே நட்டுவிட்டால் அது கத்தைக் கணக்கில் தெரிந்துவிடும். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "என்னையப் பாக்காதீங்கடி, நான் கிள்ளினேன்." "அப்ப நான் கிள்ளலையா?" சண்டை ஆரம்பித்தது. பாக்கியம் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"சார், நேத்து நீங்க கிள்ளினது எங்க?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இது வேறு சட்டை. சேறான சட்டையை முந்தின நாள் மாலை லாட்ஜில் சலவைக்குக் கொடுத்தாயிற்று. வலையைத் தாண்டி, வலங்கைமானைத் தாண்டி, தஞ்சாவூருக்கே ஒரு கத்தை முட்டையை நான் பேருந்தில் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

டாக்டர் லிம்மிடம் இதைச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. "போங்கள்" என்று மட்டும் சொன்னார்.

ஜீப் கீழ்வேளூரில். பேருந்துதான் கதி. சிங்கப்பூரில் ரயில் மூன்று நிமிடம் தாமதமானால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிற வகை நான். அன்று பாதி வழியில் பேருந்து நின்றது. எட்டிப் பார்த்தால் சாலை முழுக்க வாத்து. அறுத்த வயலில் மேய்ந்து முடித்து அடுத்த வயலுக்குப் போகிறது ஒரு பெரும் கூட்டம். ஓட்டுநர் என்ஜினை நிறுத்திவிட்டு வெற்றிலை மடித்தார்.

"கொஞ்சம் ஹாரன் அடிங்களேன்!"

"அடிச்சா மிரண்டு வயக்காட்டுல எறங்கிடும். அப்புறம் அது வேற பஞ்சாயத்து. உக்காருங்க சார்" என்றார் நடத்துநர். "அப்படி என்ன அவசரம்?"

"என் சட்டை சலவைக்குப் போயிருக்கு."

அவர் மரியாதையாக நகர்ந்து நின்றுகொண்டார்.

அந்த வாத்துகள் கடக்கும்வரை, எத்தனை முட்டை, எத்தனை புழு, அது எத்தனை வயலுக்குப் போகும் என்று மனசு பெருக்கல் போட்டபடியே இருந்தது. சலவையில் முட்டை செத்திருக்குமா, சாக்கடையோடு வாய்க்காலுக்குப் போயிருக்குமா? ஒருவரின் ஆறு வருடம் ஒரு மடையனின் சட்டைப் பையில் முடியக் கூடாது என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது என்றும் தெரியவில்லை. கூட்டம் சாலையைக் கடந்து முடித்தது. கடைசி வாத்து நொண்டியது. அதற்கும் காத்திருந்தோம்.

லாட்ஜுக்குப் பின் சந்தில் சலவைக் கடை. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என் சட்டை நீலவானம் போலச் சுத்தமாகி, மடித்து, மேலே வைக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, பாக்கெட்டுல ஒரு புல்லுக் கத்தை..."

"எரநூத்தி ஏழா?" என்று அலமாரியில் கைவிட்டார். வரிசையாக முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் அறை எண். என் பையில் ஒரு பேருந்து டிக்கெட், ஒரு பல்குச்சி, ஒரு கத்தை நாற்று நுனி. "தண்ணியில போடறதுக்கு முன்னாடி பையப் பாத்துருவேன். கெடைச்சது குப்பையா இருந்தாலும் எறியறதில்ல. அது குப்பையா இல்லையான்னு கொடுத்தவருக்குத்தான தெரியும்."

முடிச்சு இறுக்கமாக இருந்தது. உள்ளே இரண்டு பழுப்புக் குவியல்கள், போர்த்தியபடி தூங்கிக்கொண்டிருந்தன. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்ததால் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"இந்தப் புல்லுக்கா சார்?" என்றவர், பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

திரும்பி வந்தபோது டாக்டர் லிம் பையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எதுவும் பொரிக்கவில்லை, எதுவும் குறையவில்லை. கத்தை தொண்ணூற்று நான்கு. யாருக்கும் சொல்லாமல் இதோடு விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, வாய்விட்டும் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். "பூச்சியை மாற்றுகிறவர்களை நம்பச் சொல்லி ஊரைக் கேட்கிறோம். கணக்கை மாற்றிவிட்டு எப்படிக் கேட்பது?" என்றார். அறிக்கையில் தவறு செய்தவர் என்ற இடத்தில் என் பெயரும், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பாக்கியத்தின் பெயரும் ஏறின.

ஆறாம் நாள் அனுமதி கொடுக்கும் தரப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழர். ஆகவே எனக்கு வேலை இல்லை. குற்றவாளியாக மட்டும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அவர் வாளியைப் பார்த்தார், பிளாஸ்டிக் பையைப் பார்த்தார், என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். பிறகு பாக்கியத்திடம், "தொண்ணூத்தி நாலுன்னு எப்படிம்மா இவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்றார்.

"எவ கிள்ளாம நட்டாங்கறது கதிர் வெளுத்து நிக்கும்போது தெரிஞ்சுடும் சார். அதுவரைக்கும் பாத்துட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் கத்தை. என் ஆளுங்க மேல ஒரு பேச்சு வரக் கூடாது."

இரண்டு மணி நேரம் கழித்து, வெளியே போனது பொரிக்காமல் முழுதாகத் திரும்பிவிட்டதால் பரீட்சை தொடரலாம் என்றார். நிபந்தனைகள் இரண்டு. வலைக்குள் எது நடந்தாலும் முதலிலும் முடிவிலும் பாக்கியம் எண்ண வேண்டும். மொழிபெயர்ப்பாளர் இனி வலைக்குள் காலடி வைக்கக் கூடாது.

அதனால் மிச்ச நாட்கள் வலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக் கத்தி மொழிபெயர்த்தேன். மாற்றிய ஆண்கள் உள்ளே சகல மரியாதையோடு இருந்தார்கள். மாற்றாத ஒரே ஆண் வெயிலில் நின்றான்.

ஒன்பதாம் நாள் முதல் குழாய்கள் பொரித்தன. வலையை ஒட்டிய சிற்றறையில் டாக்டர் லிம் விசேஷ விளக்கைப் போட்டார். கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது அவர் முதுகு மட்டுமே. அந்த முதுகு முதலில் விறைத்து, பிறகு இளகியது. பாக்கியத்தைக் கூப்பிட்டுக் கருவியில் கண் வைக்கச் சொன்னார்.

"செவப்பா இருக்கு... ஊசி முனையாட்டம். ஊர்ந்து போகுது" என்றார் பாக்கியம். கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. "இதுல பொண்ணு எது?"

நான் வெளியிலிருந்து கத்தினேன். பதிலையும் கத்தினேன். "இப்ப தெரியாதாம். போகப் போகத்தான் தெரியுமாம். எது வளராம நிக்குதோ அது."

பாக்கியம் கண்ணை எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான் நகத்தால பண்றத இவங்க அப்பனை வச்சுப் பண்றாங்க. ரெண்டும் கொலைதான். என்ன, எனக்குக் கையில பசை ஒட்டும், தெரிஞ்சுக்கிட்டுப் பண்ணுவேன்." கருவியை மறுபடி ஒரு முறை பார்த்தார். "இதையும் யாராவது எண்ணிக்கிட்டே இருக்கணும். அதை மட்டும் டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க."

இம்முறை அப்படியே சொன்னேன். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. டாக்டர் லிம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடிக்கோடு இரண்டு.

சாயங்காலம் கிளம்பும்போது பெண்கள் சாலையோரம் வேனுக்குக் காத்திருந்தார்கள். கும்பிட்டு விடைபெற்றேன். செல்வி, "அடுத்த தடவை வர்றப்ப சார்கிட்ட ஒரு முடி கொடுத்துடலாம்க்கா, கட்டி அனுப்பிடலாம்" என்றாள். ஜீப்பில் கால் வைத்தேன்.

"சார்" என்று பாக்கியம் குரல் கொடுத்தார். "பாக்கெட்டு."

எல்லோர் முன்னாலும் திருப்பிக் காட்டினேன். சட்டைப் பையில் ஒன்றுமில்லை. வலது கால்சட்டைப் பையில் இரண்டு பேருந்து டிக்கெட். இடது பையில் ஏதோ கனமாக இருந்தது. எடுத்தேன். பெரிய மரத்துண்டில் எண் செதுக்கிய சாவி. லாட்ஜின் இருநூற்று ஏழு. மதியமே அறையைக் காலி செய்தாயிற்று.

யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். பாக்கியம் அருகில் வந்து, சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"போற வழியில கொடுத்துட்டுப் போங்க" என்றார். "கொடுத்துட்டு ஒரு போன் பண்ணுங்க. அப்பதான் எனக்குக் கணக்கு முடியும்."